வெளியே இருப்பவர்களும் வாசலில் நிறுத்தப்பட்டவர்களும்



திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு மீட்பு உண்டா என்ற கேள்வியை இந்த நினைவுப் பொழிவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். அம்பேத்கர் படம் வைத்த மேடையில் மோட்சமும் நரகமும் எதற்கு என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். பஞ்சமி நிலம் இருக்கிறது, வன்கொடுமை வழக்குகள் இருக்கின்றன, விடுதி மாணவர்களின் பிரச்சினை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு செத்த பிறகு எங்கே போவோம் என்று பேசுவானேன் என்பார்கள். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சேரிகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி செத்த பிறகு வருவதல்ல என்பதும் தெரியும். ஒரே தெருவில் மாதா படம் வைத்த வீடும் மாரியம்மன் படம் வைத்த வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. அண்ணன் பூசைக்குப் போவான், தம்பி தீமிதிக்குப் போவான், மருமகள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போவாள். ஒரே பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பெயர். யார் உள்ளே, யார் வெளியே என்ற விவகாரம் எங்கள் அடுப்பங்கரை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பேசுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1936 மே 31 அன்று மும்பையில் மகர் மக்களின் மாநாட்டில் மதமாற்றம் பற்றிப் பேசிய அம்பேத்கர், அந்த உரைக்கு வைத்த தலைப்பிலேயே முக்தி என்ற சொல் இருக்கிறது. முக்திக்கு வழி எது என்பதுதான் அவர் கேட்டது. அவர் அந்தச் சொல்லை ஆன்மாவுக்கு மட்டும் ஒதுக்கிவிடவில்லை. தண்ணீர், தெரு, பிழைப்பு, மரியாதை எல்லாம் அதற்குள் வந்தன. அதே அம்பேத்கர்தான், கிறிஸ்தவத்துக்குப் போன தீண்டப்படாத மக்களின் நிலை என்ன ஆயிற்று என்று பின்னால் தனியாக எழுதிப் பார்த்தார். திருச்சபைக்குள் சாதி அழியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே மீட்பு என்பது நம் எதிரிகளின் சொல்லும் அல்ல, பாதிரியார்களின் தனிச்சொத்தும் அல்ல.

கத்தோலிக்கப் போதனையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாக்கியத்தின் வேர் மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் ஆயராக இருந்த சிப்ரியானிடம் இருக்கிறது. அவர் அதைச் சொன்னது திருச்சபையிலிருந்து பிரிந்துபோன கிறிஸ்தவர்களைப் பார்த்து. இயேசுவின் பெயரையே கேட்டிராதவர்களைப் பார்த்து அல்ல. ஆனால் வாக்கியங்களுக்குக் கால் முளைத்துவிடும். 1302இல் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் அதைத் தம் அதிகாரத்தோடு சேர்த்துக் கட்டினார். 1442இல் புளோரன்ஸ் சங்கம் இன்னும் கடுமையாகப் பேசியது: சாவதற்குள் திருச்சபையில் சேராத பிற மதத்தார், யூதர், பிரிவினைக்காரர் யாருக்கும் நித்திய வாழ்வு இல்லை. அதற்கு ஐம்பது ஆண்டு கழித்துத்தான் கொலம்பஸ் கப்பலேறினார். உலகத்தில் எத்தனை கோடிப் பேர் சுவிசேஷத்தைக் கேள்விப்படாமலே வாழ்ந்து செத்திருக்கிறார்கள் என்பது அதன் பிறகுதான் ஐரோப்பியருக்கு மெல்ல உறைத்தது.

அந்தப் போதனையோடுதான் பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கோவாவில் வந்து இறங்கினார். முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் ஜப்பானிலிருந்து திரும்பி 1552இல் எழுதிய கடிதத்தில் இருக்கும் செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிதாக மனம் திரும்பிய ஜப்பானியர்கள், எங்கள் செத்துப்போன அப்பா அம்மாவும் பாட்டன் பூட்டனும் நரகத்திலா இருக்கிறார்கள், அவர்களை வெளியே எடுக்க வழியே இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றார் சவேரியார். அவர்கள் அழுதார்கள். அதைப் பார்த்துத் தமக்கும் வருத்தமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். இதே கேள்வியை நம் முன்னோரும் எத்தனையோ சேரிகளில் கேட்டிருப்பார்கள். அவர்களுக்காகக் கடிதம் எழுத ஆள் இல்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. இந்தப் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கு இன்றைக்கும் தலைமையிடம் புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டம்தான். அந்தப் புதுச்சேரிக்கு 1703 நவம்பரில் ரோமிலிருந்து ஒரு தூதர் வந்தார். பெயர் சார்ல்ஸ் தூர்னோன். சீனாவுக்குப் போகும் வழியில் எட்டு மாதம் அங்கே தங்கினார். தமிழ்நாட்டில் இயேசு சபைக் குருக்கள் உள்ளூர்ப் பழக்கங்களோடு எந்த அளவுக்குச் சமரசம் செய்துகொண்டார்கள் என்று விசாரித்தார். 1704 ஜூலையில் 16 பிரிவுகள் கொண்ட ஆணை ஒன்று வெளியாயிற்று. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது, விபூதி கூடாது, மாதவிலக்கான பெண்களைத் தேவதிரவிய அனுமானங்களிலிருந்து தள்ளிவைக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு பிரிவு நம்மைப் பற்றியது. நோயில் கிடக்கும் பறையர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய்க் குருக்கள் அருட்சாதனம் கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது.

இந்தப் பிரிவைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒன்றைக் கூடாது என்று சட்டம் போட்டால், அது நடந்துகொண்டிருந்தது என்று பொருள். குருக்கள் சேரிக்குள் நுழைவதில்லை. சாகக் கிடப்பவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வெளியே ஒரு இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அங்கே வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுப்பார்கள். தூக்கி வருவதற்குள் உயிர் போனால் போனதுதான். கத்தோலிக்க நம்பிக்கையின்படி அந்தக் கடைசி அருட்சாதனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனம் செய்து, எண்ணெய் பூசி, நற்கருணை வாங்கிக்கொண்டு சாவதை நல்ல மரணம் என்று நம் பாட்டிமார்கள் தினமும் வேண்டிக்கொண்டார்கள். ஆக, திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று சொல்லி உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்ட மனிதன், சாகும் நேரத்தில் அந்த மீட்பை வாங்க வீட்டைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

இயேசு சபையார் இதற்குச் சொன்ன நியாயம்தான் நமக்கு முக்கியம். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லித் தாண்டிப்போவது சுலபம். அவர்கள் சொன்னது இது: குரு பறையர் வீட்டுக்குள் போனார் என்று தெரிந்தால் மேல்சாதியார் ஒருவரும் அவரை அண்ட மாட்டார்கள், அவர் கையால் ஞானஸ்நானம் வாங்க மாட்டார்கள், அத்தனை ஆன்மாக்களும் நாசமாய்ப் போகும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பிராமண சன்னியாசி வேடம் பூண்ட நாளிலிருந்தே இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கை உடைத்துப் பாருங்கள். வெளியே இருப்பவர்களுக்கு மீட்பு இல்லை. ஆகவே வெளியே இருக்கும் மேல்சாதியாரை எப்பாடு பட்டாவது உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு விலையாக, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பறையரை வாசலில் நிறுத்தலாம். போதனை ஒரு வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

இந்த வழக்கு 40 ஆண்டு இழுத்தது. ரோமுக்கும் புதுச்சேரிக்கும் கப்பலில் முறையீடுகள் போயின, வந்தன. 1734இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் சில பிரிவுகளைத் தளர்த்தினார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் விவகாரத்தை முடித்துவைத்தார். முடிவு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்வது. சேரிக்குப் போகும் குரு வேறு, ஊருக்குப் போகும் குரு வேறு. அருட்சாதனம் சேரிக்குள் வந்தது, உண்மைதான். ஆனால் சேரி சேரியாகவே இருப்பதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த மாதிரித் தீர்வுகளை நம் காலத்துச் சமாதானக் கூட்டங்களிலும் பார்த்துப் பழகியிருக்கிறோம். தாசில்தார் முன்னிலையில் தேர் ஊர்த் தெருவோடு நின்றுகொள்ளும், சாமி மட்டும் தனி வண்டியில் காலனிக்கு வரும்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1745இல், புதுச்சேரிக் கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். பறையர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய குருவிடம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, பிறகு எங்களை ஏன் பிரித்துவைக்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள், கோயிலிலேயே தகராறு நடந்தது. பிள்ளை இந்து, பணக்கார வணிகர், பறையர் பக்கம் சாய்ந்து எழுதும் ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் எழுதியதால்தான் அந்தக் குறிப்பை நாம் அதிகம் நம்பலாம். தலித் கிறிஸ்தவர் போராட்டம் நேற்று யாரோ தூண்டிவிட்டு ஆரம்பித்தது என்று சொல்கிறவர்களிடம் இந்த ஆண்டைச் சொல்லுங்கள். 1745. பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டு முன்பு.

அங்கிருந்து ஒரே தாவாக எறையூருக்கு வருகிறோம். நடுவில் உள்ள இருநூறு சொச்சம் ஆண்டுகளில் சுவர்கள் இடிந்தன, எழுந்தன, சில இடங்களில் கம்பி அழியாக மாறின, சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாத கோடாக மாறின. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூர் அப்போது விழுப்புரம் மாவட்டம், 2019இலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். பெரிய ஜெபமாலை அன்னை ஆலயம். பெரும்பான்மை வன்னியக் கத்தோலிக்கர். தலித் கத்தோலிக்கருக்குத் தனி இடம், தனிப் பாதை, தனிக் கல்லறை. அவர்கள் சகாய மாதாவுக்குத் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக அறிவித்துக் குருவை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினார்கள். மார்ச் 9 அன்று தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. வன்னியக் கத்தோலிக்கர் இருவர் செத்தார்கள்.

செத்த இருவரும் நம் பகைவர்கள் என்று இந்த மேடையில் யாரும் சொல்ல மாட்டோம். அவர்களும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே மாதாவிடம் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள், ஒரு தெருவை விட்டுக்கொடுக்க முடியாமல் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனார்கள் என்பதுதான் விஷயம்.

தனிப் பங்கு கேட்ட தலித் மக்களுக்குச் சொல்லப்பட்ட பதிலை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சாதி அடிப்படையில் பங்கைப் பிரிப்பது திருச்சபையின் ஒற்றுமைக்கு எதிரானது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் தோழர்களிலேயே சிலர், தனிப் பங்கு கேட்பது தனிக் குவளையை நாமே கேட்டு வாங்குவது ஆகாதா என்று கேட்டார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பாதையும் கல்லறையும் பிரிந்திருந்தபோது குலையாத ஒற்றுமை, தலித்துகள் தங்களுக்கு ஒரு குருவும் ஒரு பதிவேடும் கேட்டவுடன் எப்படிக் குலைந்தது? பங்கு என்றால் வெறும் கட்டடம் இல்லை. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாண ஓலை, பங்குப் பேரவை, திருவிழாக் கணக்கு, கல்லறைச் சாவி எல்லாம் சேர்ந்தது பங்கு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் உள்ளே இருப்பவர்கள்.

இப்போது போதனைக்குத் திரும்புவோம். அது அப்படியே நின்றுவிடவில்லை. 1863இல் ஒன்பதாம் பத்திநாதர், தம் குற்றமின்றி அறியாமையில் இருப்பவர்கள் கடவுளின் அருளால் மீட்படையலாம் என்று எழுதினார். அமெரிக்காவில் லெனார்ட் பீனி என்ற இயேசு சபைக் குரு, முடியாது, கத்தோலிக்கர் தவிர எவருக்கும் மோட்சம் இல்லை என்று அடம்பிடித்தார். ரோம் 1949இல் அவர் விளக்கத்தைத் தவறு என்றது. 1953இல் அவர் திருச்சபையைவிட்டே விலக்கப்பட்டார். திருச்சபைக்கு வெளியே யாருக்கும் மீட்பில்லை என்று முரட்டுத்தனமாகச் சொன்னவரே வெளியே நிறுத்தப்பட்டது ஒரு வேடிக்கை. பிறகு 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டை வெளியிட்டது. சுவிசேஷத்தைத் தன் குற்றமின்றி அறியாதவர், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தால் மீட்படையலாம் என்று 16ஆம் எண் சொல்கிறது. கடவுளை இன்னும் தெளிவாக அறியாதவரையும் அது கைவிடவில்லை. மறு ஆண்டு பிற மதங்கள் பற்றிய அறிக்கை வந்தது. 2000இல் வத்திக்கான் கொஞ்சம் பிரேக் போட்டது. மற்ற மதத்தார் அருளைப் பெறலாம், ஆனால் அவர்கள் நிலை பெரிதும் குறையுடையது என்றது. ஞானஸ்நானம் இல்லாமல் சாகும் குழந்தைகள் பற்றி 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் உள்ளன என்றது.

அந்தக் குழந்தைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. பழைய திருச்சபைச் சட்டத்தின்படி ஞானஸ்நானம் பெறாத குழந்தையை மந்திரித்த மண்ணில் புதைக்கக் கூடாது, ஓரமாக ஒதுக்கிய இடத்தில்தான் புதைக்க வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இல்லாத, குரு வந்து எட்டிப் பார்க்காத சேரிகளில் எத்தனை தாய்மார்கள் அந்த ஓரத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடித்திருப்பார்கள். 2007ஆம் ஆண்டு ஆவணம் அவர்களுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தாலும் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

வத்திக்கான் சங்கத்தின் தாராளத்தைப் பலர் பாராட்டுகிறார்கள். நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் அதே ஏட்டின் 14ஆம் எண்ணை அவ்வளவாக யாரும் படிப்பதில்லை. நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு விஷயம் சொல்லப்படுகிறது. ஒன்று, திருச்சபை அவசியம் என்று தெரிந்தும் அதில் சேர மறுப்பவர், அல்லது அதில் நிலைத்திருக்க மறுப்பவர் மீட்படைய முடியாது. இரண்டு, திருச்சபையில் சேர்ந்திருந்தும் அன்பில் நிலைத்திராதவர் மீட்படைவதில்லை. அவர் உடம்பால் உள்ளே இருக்கிறார், மனத்தால் இல்லை.

முதல் விஷயம் நம்மைக் குத்துகிறது. சுவிசேஷத்தையே கேட்காத ஒருவருக்குக் கதவு திறந்திருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கோயிலில் முழங்கால் போட்டு, பிறகு தாயின் பிணத்தை எந்தப் பாதையில் கொண்டுபோவது என்ற சண்டையில் மனம் வெறுத்து வெளியேறிய தலித்துக்குக் கதவு சாத்தியிருக்கிறது. தெரியாதவரைவிடத் தெரிந்து போனவர் நிலை மோசம். இந்த எண்ணத்தோடு பயந்து பயந்து வாழும் வயதானவர்கள் நம் ஊர்களில் உண்டு. சபை மாறிய மகனுக்காக, பௌத்தம் தழுவிய பேரனுக்காக ரகசியமாகப் பூசைக்குக் காசு கொடுக்கிறவர்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது இது. தெரிந்தும் மறுத்தவர் என்றால் எதைத் தெரிந்தவர்? உங்கள் பேரன் தெரிந்துகொண்டது கிறிஸ்துவையா, சுவரையா? அவனுக்குத் திருச்சபை என்று காட்டப்பட்டது சுவர் என்றால், அவன் மறுத்தது சுவரைத்தான். இதை நாங்களாக வளைத்துச் சொல்லவில்லை. கடவுள் மறுப்பு தோன்றுவதற்கு, தங்கள் சமூக வாழ்வின் குறைகளால் விசுவாசிகளே பொறுப்பாளிகள் ஆகக்கூடும் என்று அதே வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது விஷயம் சுவர் கட்டியவர்களைக் குத்துகிறது. இது புதிய கருத்தும் இல்லை. வெளியே இருப்பதாகத் தோன்றும் பலர் உள்ளே இருக்கிறார்கள், உள்ளே இருப்பதாகத் தோன்றும் பலர் வெளியே இருக்கிறார்கள் என்று அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பற்றி எழுதிய நூலிலேயே இந்தப் பொருள் வருகிறது. இவ்வளவு நாளும் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி, வெளியே இருக்கும் உங்களுக்கு மீட்பு உண்டா என்பது. கத்தோலிக்கப் போதனையை அதன் சொந்த வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டால் கேள்வி திரும்பிவிடுகிறது: சக கிறிஸ்தவனின் பிணத்தைத் தெருவில் விடாதவர், ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறாரே, அவருக்கு மீட்பு உண்டா? தமிழ்நாட்டு ஆயர்களிடம் 2003இல் பேசிய இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர், கிறிஸ்தவர்களுக்கு இடையில் சாதி பார்ப்பது உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிரான அடையாளம் என்ற பொருளில் சொன்னார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். எல்லாம் சரி. ஆனால் ஞாயிறு பிரசங்கத்தில், சாதி பார்க்கிறவன் சாவான பாவத்தில் இருக்கிறான், பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணைக்கு வராதே என்று சொல்லும் குரு எத்தனை பேர்? கருத்தடை பற்றி அப்படிச் சொல்லத் தெரிகிறது.

கார்ல் ரானர் என்ற ஜெர்மன் இறையியலாளர், பிற மதத்தில் நல்லபடி வாழ்கிறவர்களைப் பெயரிடப்படாத கிறிஸ்தவர்கள் என்று அழைத்தார். அன்பான எண்ணம்தான். இருந்தாலும் எங்களுக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது. நம்மைக் கேட்காமலே நம்மை ஒரு கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இந்த நாட்டில் நமக்குப் பழகியது. அயோத்திதாசப் பண்டிதர் மக்கள் கணக்கெடுப்பில் இந்துக்கள் என்று எழுதப்படுவதை ஏற்காமல், நாம் பூர்வ பௌத்தர் என்று வாதாடியது இதற்காகத்தானே. பெயர் வைக்கிற உரிமை முதலில் எங்களிடம் இருக்கட்டும். பிறகு மோட்சத்தில் எந்த வரிசை என்று பேசலாம்.

இங்கே திண்டிவனத்தின் பிள்ளை ஒருவரை நினைக்க வேண்டும். பிறந்தது ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கம், ஆண்டு 1890. பெயர் முனுசாமி. படித்தது திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில். அது கத்தோலிக்கப் பள்ளி இல்லை, புராட்டஸ்டண்டுப் பள்ளி. கெட்டிக்காரப் பையன் என்பதால் ஆசிரியர்களுக்குப் பிரியம், கிறிஸ்தவனாகிவிடு என்ற அழைப்பும் வந்தது. அவர் ஏற்கவில்லை, பள்ளியைவிட்டு வந்துவிட்டார். பின்னாளில் சகஜானந்தர் என்ற பெயரில் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தார். புளோரன்ஸ் சங்கத்தின் கணக்கில் அவருக்கு நெருப்பு. வத்திக்கான் சங்கத்தின் கணக்கில் ஒருவேளை மோட்சம். பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா என்று மட்டும் கேட்கும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கணக்கில் அவர் பாஸ்.

கடைசியாக அரசாங்கத்தின் மீட்புப் போதனைக்கு வருகிறோம். அதுவும் ரோமை விடச் சளைத்ததல்ல. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதத்துக்கு வெளியே பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு திறக்கவில்லை. சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் தீர்ப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலை அதே ஊசியால் தைத்த இந்துத் தோழருக்குக் கடை, இவருக்கு வெயில். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புக்கு மோசடி என்றது உச்ச நீதிமன்றம். ஞானஸ்நானப் பதிவேடு மோட்சத்துக்குச் சாட்சியாக இருந்தது போய், சாதிச் சான்றிதழை மறுக்கும் சாட்சியாகிவிட்டது.

சான்றிதழில் இந்து என்று எழுதிக்கொடுத்த தாய், நான் சேசுவை மறுதலித்துவிட்டேனா என்று கேட்கிறாள். எந்தப் பங்கிலும் கேட்கலாம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கும் ஆயர்கள், அந்தத் தாய்க்கு நேரடியாக ஒரு பதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இராயப்பர் மூன்று முறை மறுதலித்தது பயத்தில். இவள் எழுதியது பிள்ளையின் படிப்புக்காக. திருச்சபையே அநீதி என்று கண்டிக்கும் ஒரு சட்டத்தின் முன்னால் வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்தைப் பாவம் என்று எந்தக் குருவும் அவளிடம் சொல்லக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். பழைய பங்குகளின் பதிவேடுகளில் பெயரோடு சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. அனுமதி கேட்டு, கிடைக்கும் இடத்தில் பாருங்கள். அவரவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு வெள்ளைத் தாளில் வரையுங்கள்: எத்தனை வாசல், நடுவில் சுவர் உண்டா, தூம்பா ஒன்றா இரண்டா, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை எங்கே புதைத்தார்கள். பாட்டிமாரைக் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். 1704ஆம் ஆண்டு ஆணையின் 16 பிரிவுகளையும் தமிழில் படித்து விவாதிக்க ஒரு முழு நாள் அமர்வு ஏற்பாடு செய்வோம். வன்னியக் கத்தோலிக்க இளைஞர்களையும் அதற்கு அழைக்க வேண்டும், அவர்களில் சிலர் வருவார்கள் என்றே நினைக்கிறோம். வரைபடங்களை அந்த அமர்வுக்கு முன்பாகவே அமைப்பாளர்களிடம் சேர்த்துவிடுங்கள். ஊர் பெயரையும் வரைந்த தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.